நான் நிறுத்திய சோற்றுப் படகு

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு அரிசி கொண்டு போன பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த ஊர்த் துறைமுகத்தில் ரங்கூன் அரிசியும் சயாம் அரிசியும் கிட்டங்கி கிட்டங்கியாக அடுக்கிக் கிடக்கும் என்பது எங்கள் மாதர் சங்கத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கடலுக்கு அப்பால் பெருமழையில் ஆறு உடைத்துக்கொண்டது, ரப்பர்த் தோட்டத்து லயங்களில் குடியிருந்த நம் ஜனங்கள் குன்றுகளில் ஏறி நிற்கிறார்கள் என்று மட்டும் செய்தி வந்தது. சங்கத்தார் வீடு வீடாகப் போய் அரிசியும் துணியும் திரட்டினார்கள். கூடப் போய் முறையாகப் பகிர்ந்து கொடுத்து வர ஓர் ஆள் வேண்டும் என்றபோது, பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் பெயரைச் சொன்னார்கள். எனக்கு இங்கிலீஷ் வரும். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் எதிர்த்துப் பேசும் அளவுக்குப் படித்தவர்களும் இல்லை. அப்பா உப்பு மூட்டை சுமந்தவர், அம்மா கருவாடு விற்றவர்; கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்.

பினாங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வியாபாரக் குடும்பத்தின் துணையில் என்னைக் கப்பல் ஏற்றினார்கள். எனக்கு இரண்டாம் வகுப்பு. திறந்த தட்டில் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஜனங்கள் பாய் விரித்துக் கிடந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அவர்களைப் பார்ப்பேன். இவர்களுடைய சொந்தக்காரர்களுக்குத்தானே நான் சோறு கொண்டு போகிறேன் என்று நினைத்துக்கொள்வேன், மனம் நிறைந்துவிடும். அவர்களில் ஒரு பெரியவர், அம்மா டாக்டரா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பினாங்கு தெரிந்ததும் அவர்களையெல்லாம் நோய் இருக்கிறதா என்று பார்க்க ஜெரஜா தீவில் இறக்கிவிட்டார்கள். இரண்டாம் வகுப்புக்காரர்களை ஒரு வெள்ளைக்கார டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். அதையும் என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

துறையில் சபாபதி பிள்ளை காத்திருந்தார். துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அந்த ஊரில் குமாஸ்தாவைக் கிராணி என்கிறார்கள். வெள்ள நிவாரணக் கமிட்டிக்கு அவர்தான் காரியதரிசி. என் மூட்டைகளைப் பார்த்தவர் எண்ணிக் குறித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி கமலம் சொன்னாள். "அரிசியா? பினாங்குக்கா? ஏன் தங்கச்சி, கடலுக்கு ஒரு மூட்டை தண்ணியும் கொண்டாந்திருக்கலாம்லா." பிள்ளை அவளை முறைத்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்ச் சிரித்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு அவமானம் நடந்து முடிந்திருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் ரிக்‌ஷாவின் சக்கரம் தெருவோரச் சாக்கடையில் இறங்கிவிட்டது. இழுத்து வந்த சீனர் என்னை இறங்கச் சொல்லிச் சைகை காட்டினார். நான் இறங்கவில்லை. நடுத்தெருவில் புடவை நனைய ஒரு ஆசிரியை இறங்குவதா என்று இருந்தது. அவர் வழியில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு, என்னையும் வண்டியையும் சேர்த்துத் தூக்கி வைத்தார். தூக்கியவர்களில் ஒருவர் மலாய் பாஷையில் ஏதோ சொல்ல மற்றவர் சிரித்தார். என்ன சொன்னார் என்று பின்னால் வந்த பிள்ளையைக் கேட்டேன். கோயில் உற்சவத்துக்குச் சப்பரம் தூக்கிப் பழக்கமாம், ஆனால் அந்தச் சாமி இத்தனை கனமில்லையாம்.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஊரைப் பார்த்தேன். நாகப்பட்டினத்தில் ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு தெரு. இங்கே ஒரே தெருவில் பள்ளிவாசலும், சீனர் கோயிலும், நம் அம்மன் கோயிலும் ஒன்றின் சத்தம் மற்றதற்குக் கேட்கும் தூரத்தில் நிற்கின்றன. டிராம் மணியடித்துக்கொண்டு மாட்டு வண்டிக்குப் பின்னால் பொறுமையாகப் போகிறது. கமலம் தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவிலிருந்து வந்த ஜாதிக்காய் ஊறுகாய் கொடுத்தாள். ஜாதிக்காயின் கொட்டையை மருந்துக்கு இழைத்துப் பார்த்திருக்கிறேன். அதன் சதையை ஊறுகாய் போடலாம் என்று தெரியாது. அரை ஜாடியைத் தீர்த்தேன். சீனர் கடையில் மீ என்று கொடுக்கும் மாவு இழையை மட்டும் தொடவில்லை. புழு மாதிரி இருந்தது.

அன்று காலை துறைமுகத்தில் ஒன்று பார்த்தேன். தோளில் மூங்கில் காவடி, இரண்டு பக்கமும் கூடை. ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்புச் சட்டிகள். தொப்பி வைத்த ஆள் ஒருவர் அதை இறக்கி வைத்துப் பரிமாறினார். சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்கள் குந்தியிருந்து சாப்பிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் நெற்றியில் விபூதி இருந்தது. பார்த்தேன். துறைமுகத்து ஆட்களுக்குக் கட்டுப்பாடு ஏது என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

கமிட்டி பினாங்கு தெருவில் ஒரு கடையின் மாடியில் கூடியது. கடலின் எதிர்க்கரையில், பிறை என்கிற ஊர்ப் பக்கம் ஆற்றோரம் முழுவதும் தண்ணீர். ஒரு ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் குன்றில் இருக்கிறார்கள். தினமும் காலையில் கடல் ஏற்றத்தோடு தொங்காங் என்கிற சரக்குப் படகு ஒன்று அவர்களுக்குச் சமைத்த சோறு கொண்டு போகிறது. துறைமுகத்துக்கு அருகே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு மரைக்காயர் சமைத்துக் கொடுக்கிறார். இலையில் பொட்டலம் கட்டி, பாக்கு மட்டையால் சுற்றி அனுப்புகிறார். வெள்ளம் வந்த நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. பிள்ளை இதைச் சொல்லிவிட்டு, "இனிமே நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் கேட்டேன். "பாய் கடைச் சோறா?"

பிள்ளை தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்று பேசினேன். வகுப்பில் பேசுகிற குரலில் பேசினேன். கஷ்டத்தில் இருப்பவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்; பசிக்காக மானத்தை விழுங்கிக்கொண்டு சாப்பிடுவார்கள்; அவர்கள் ஆசாரத்தைக் காப்பாற்றுவதும் நிவாரணத்தில் சேர்ந்ததுதான். கோயில் மடைப்பள்ளி ஆட்களைக் கூட்டிப்போய் அங்கேயே சமைக்கவைப்போம், அதுவரை அரிசியாகவே அனுப்புவோம் என்றேன். நான் கொண்டு வந்த அரிசிக்கும் ஒரு வழி பிறந்தது. கமிட்டியார் ஒருவர் பின் ஒருவராக, நல்ல யோசனை, ஊரிலிருந்து வந்தவர்களுக்குத்தான் இதெல்லாம் தோன்றும் என்றார்கள்.

இதைப் படிக்கும் சங்கத்துச் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆசாரம் நான் பிறந்த வீட்டில் இல்லை. நாகூர் தர்கா எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரம். அம்மா சந்தனக்கூட்டுக்குப் போகாத வருஷம் கிடையாது. கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கே கொடுக்கும் நேர்ச்சைச் சோற்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எனக்கும் ஒரு பிடி முடிந்து கொண்டு வருவாள். யார் கையில் சாப்பிடலாம், யார் கையில் கூடாது என்பதை நான் உங்கள் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டேன். பினாங்கில் என்னை யாருக்கும் தெரியாது. அந்த மாடியில், உங்களில் ஒருத்தியாகப் பேசிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

கூட்டம் முடிந்ததும் நானும் பிள்ளையும் மரைக்காயர் கடைக்குப் போனோம். அவர் என்னை வாசலுக்கே வந்து அழைத்தார். ஐம்பது வயது இருக்கும். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். காவடி தூக்கித் தெருத்தெருவாகச் சோறு விற்று இந்தக் கடையை வைத்ததாக அவராகவே சொன்னார். பினாங்கு கவர்னர் மாளிகைச் சமையல்காரன்கூடத் தன்னிடம் பருப்புக் குழம்புக்குப் பக்குவம் கேட்டதாகச் சொன்னார். அதை யாரும் நம்பவில்லை, அவர் உட்பட. பின்கட்டில் ஆள் உயர அண்டாக்கள் அடுப்பில் இருந்தன.

"பாருங்க டீச்சரம்மா, கத்தரிக்கா, பருப்பு, முருங்கைக்கா. எலும்பு கெடையாது, மாசிக் கருவாடு கூடப் போடல. சாமி கும்பிடுறவுக இருக்காக பாருங்க, அதுக்குன்னு அண்டாவே தனி."

அந்தத் தனி அண்டாவைப் பார்த்த பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. அங்கே இருப்பவர்கள் இந்தச் சோற்றைச் சாப்பிடக் கூசுகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் கரண்டியை வைத்தார். "யாரு சொன்னா?"

"தெரிய வந்தது" என்றேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. குன்றிலிருந்து வந்த ஒருவரையும் நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை.

மரைக்காயர் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அண்டாவைப் பார்த்தார். "அப்பச் சரி" என்றார் மரைக்காயர். பிறகு உள்ளே திரும்பி, அதே பெரிய குரலில் இல்லாமல், "எறக்கிருங்கப்பா" என்றார்.

அதன் பிறகு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அரிசி மூட்டைகள் படகேறுவதை நின்று பார்த்தேன். டிராமில் ஏறி ஊரின் கடைசி வரை போய்த் திரும்பினேன். ஒரு கோயில் தர்மகர்த்தா வீட்டில் எனக்கு விருந்து கொடுத்தார்கள்; என் இங்கிலீஷைப் பாராட்டினார்கள். மடைப்பள்ளி ஆட்கள் முதல் நாள் புதுப் பாத்திரம் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்ததும் நாள் நன்றாக இல்லை என்றார்கள். மறுநாள், படகோட்டி மலாய்க்காரர் என்றால் ஏறமாட்டோம் என்றார்கள். அந்தக் கரையில் வேறு படகோட்டி இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்களிடம் என்ன சொல்வது? நான் மாடியில் சொன்னதைத்தான் அவர்கள் இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்கள்.

கமலம் காலையில் கஞ்சி வைக்கும்போது சொன்னாள். "இவரு இப்பல்லாம் காலைல வீட்டுலதான் சாப்புடுறாரு. எல்லாம் தங்கச்சி வந்த ராசி." பிள்ளை கஞ்சியைக் குனிந்து குடித்தார். அந்தப் பேச்சு எனக்கு அப்போது புரியவில்லை.

மூன்றாம் நாள் நானே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். பிள்ளையும் வந்தார். நீராவிப் படகில் மறுகரை போய், அங்கிருந்து சாம்பானில் ஆற்றுக்குள் ஏறினோம். தென்னை மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. ஒரு கூரையின் மேல் கோழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எங்கள் ஊரில் புயல் அடித்தால் கடல் ஒரே மூச்சில் வந்து, வந்த மாதிரியே போய்விடும். இந்த வெள்ளம் வந்த இடத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது.

குன்றுக்குக் கொஞ்சம் தூரத்தில் தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்தது. சாம்பான் அதில் தரைதட்டி நின்றுவிட்டது. பிள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். நான் ஒரு கால் வைத்தேன். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. படகோட்டி குனிந்து முதுகைக் காட்டினார். என் அப்பா வயது இருக்கும் அவருக்கு. வேறு வழியில்லாமல் முதுகில் ஏறினேன். என் கால்கள் சேற்றில் இழுபட்டன. அவர் ஏதோ சொன்னார். பிள்ளை தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னார்: மூக்கைத் தூக்கியது போதுமாம், காலைத் தூக்க வேண்டுமாம்.

குன்றில் எங்களை யாரும் எதிர்கொண்டு வரவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே தார்ப்பாய் கட்டி, அதன் கீழே ஜனங்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எங்கும் புகை. தீப்பிடிக்காத ஈர விறகின் புகை. நான் அனுப்பிய மூட்டைகள் ஒரு மரத்தடியில் அடுக்கியிருந்தன. இரண்டு மட்டும் பிரித்துக் கிடந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அரிசியைச் சோறாக்கப் பானை வேண்டும். பானைகள் லயத்தோடு ஆற்றில் போய்விட்டன. விறகு வேண்டும். அந்தக் குன்றில் காய்ந்த சுள்ளி ஒன்றுகூடக் கிடையாது. இத்தனை நாளாகச் சோறு பொட்டலமாக வந்ததற்கு அதுதான் காரணம். ஆசாரம் பேசிய நான் அடுப்பை நினைக்கவில்லை. ஊறவைத்த அரிசியைச் சிலர் மென்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். செல்லம்மா என்று பெயர். அவள் மகள் பவுனு, ஐந்தாறு வயதுப் பெண், கோணிமேல் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பசி தாங்காமல் முந்தின நாள் குன்றின் மறுசரிவில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியிருக்கிறார்கள். அது சீனர் ஒருவர் மாவு ஆலைக்கென்று பயிர் செய்த கசப்பு வகை. ஊறவைத்துப் பிழிந்து நன்றாக வேகவைத்தால்தான் விஷம் போகும். புகைகிற அடுப்பில் அரைவேக்காடாகச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். பெரியவர்கள் வாந்தி எடுத்துத் தப்பித்துவிட்டார்கள். பவுனு காலையிலிருந்து கண் திறக்கவில்லை.

"கசப்புன்னு தெரியாதாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றாள் செல்லம்மா. "புள்ள அழுதுச்சு."

குழந்தையை உடனே நாங்கள் வந்திறங்கிய கரையில் இருக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளை ஆட்களைக் கூப்பிட ஓடினார். அந்த நேரத்தில் செல்லம்மா என்னிடம் கேட்டது இது:

"மரைக்காயருக்கு என்னாச்சுங்க? சோறு நின்ன அன்னைக்கே எங்களுக்குப் பயம் வந்துருச்சு. அந்த மனுசன் இருந்தா நிப்பாட்ட மாட்டாரே. படுத்துட்டாரா? இல்ல, ஒரேயடியா..."

நல்லாத்தான் இருக்கிறார் என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நாகூராண்டவருக்கு சர்க்கரை நேந்துக்கிட்டேன். டவுன்ல சூலியா தெருவுல ஆண்டவரு தர்கா இருக்காம்ல. என்னால இப்ப போக முடியுமா? நீங்க அந்தப் பக்கம்தான இருக்கீங்க, எனக்காக ஒரு பிடி சர்க்கரை வச்சுருங்க."

பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கிறதே, எந்த ஊர், யார் மகள் என்று கேட்டாள். அவளுக்கும் நாகப்பட்டினத்துக்குப் பக்கம்தான். நான் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொல்லவில்லை. உப்பு மூட்டை சுமந்தவருக்கும் கருவாட்டுக்காரிக்கும் பிறந்த மகள் யார் கையில் சாப்பிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பவுனுவைச் சுமந்துகொண்டு இறங்கினோம். சேற்றில் இந்தத் தடவை நானே நடந்தேன். சாம்பானில் செல்லம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே வந்தாள். பிள்ளை முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் வந்த பிறகு முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"நானே தெனம் காலைல மரைக்காயர் கடைலதான் சாப்புடுறவன். பதினஞ்சு வருசமா. கமிட்டில பாதிப் பேரு அப்படித்தான்."

"அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

"நீங்க ஊருக்குப் போயி, பினாங்குத் தமிழன் கெட்டுப்போயிட்டான்னு சொல்லிருவீங்களோன்னுதான்."

நான் ஊருக்குப் பயந்து பேசினேன். அவர் என்னைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட ஒழுங்குக்கு அந்தக் குழந்தை கிழங்கு தின்றது.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். டாக்டர் நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். பிழைத்துக்கொள்வாள், ஆனால் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். செல்லம்மாவுக்கு அதில் முதல் பாதியை மட்டும் தமிழில் சொன்னேன். அவள் என் காலில் விழுந்தாள். நீங்கள் வந்ததால்தான் என் பிள்ளை பிழைத்தது என்றாள். நான் அவளைத் தூக்கினேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. சொல்லவில்லை. அவள் தலைமயிரைத் தடவிக்கொடுத்தேன், ஏதோ புண்ணியவதி மாதிரி.

குன்றில் இருந்தவர்கள் அன்று பிள்ளையிடம் ஒன்று கேட்டிருந்தார்கள். அடுத்த மழைக்கு முன்னால் குன்றின் மேலேயே ஒரு கொட்டகை வேண்டும், காய்ந்த விறகும் சில பெரிய பானைகளும் எப்போதும் அதில் இருக்க வேண்டும் என்று. தோட்டத்துத் துரையிடம் பேசி அதைக் கட்டியாகிவிட்டது என்று பிறகு அறிந்தேன். கமிட்டியின் அறிக்கையில் அது என் ஆலோசனை என்று போட்டிருக்கிறார்கள். இல்லை. நான் அந்தக் குன்றுக்குக் கொடுத்த ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீராவிப் படகில் பினாங்கு திரும்பினோம். வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு போகலாம் என்றார் பிள்ளை. சேற்றோடேயே மரைக்காயர் கடைக்குப் போனேன். மறுநாள் காலை ஏற்றத்துக்குச் சோறு போக வேண்டுமானால் அன்று மாலையே சாமான் வாங்கியாக வேண்டும். அதுவும் ஒரு காரணம். வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டேன் என்பது இன்னொரு காரணம்.

கடையில் மாலைக் கூட்டம் இருந்தது. மரைக்காயர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குரல் அன்று கேட்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் நின்றபடியே சொன்னேன். பானை இல்லாததை, விறகு இல்லாததை, கிழங்கை, பவுனுவைச் சொன்னேன். அவர்கள் கூசுகிறார்கள் என்று நான் சொன்னது பொய் என்றேன்.

"அவுகள்ட்ட நீங்க கேக்கவே இல்லையா?"

"இல்லை."

"ஒருத்தர்ட்டகூட?"

"இல்லை."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றுவிட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புள்ள?" என்றார்.

பிழைத்துவிட்டாள் என்றேன். செல்லம்மா நேர்ந்துகொண்டதைச் சொன்னேன். அவர் படுத்துவிட்டாரோ என்று அந்த ஜனங்கள் பயந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் பங்கு இருக்கு டீச்சரம்மா. ஆள அனுப்பி நானே கேட்டிருக்கலாம். அடுத்த கரைதான. அனுப்பல. இத்தன நாளு என் கையால தின்னுபுட்டுக் கூசுதுன்னு சொல்லிட்டாங்களேன்னு ரோசம். படகுத் துறைப் பக்கமே போகாம உக்காந்திருந்தேன்." கல்லாப் பெட்டியைச் சாத்திவிட்டுச் சொன்னார். "படிச்ச புள்ள, தெரியாமலா சொல்லும்னு நெனச்சேன்."

இதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தார், அதைத்தான் சொன்னார். என் படிப்பை இதுவரை பலர் பாராட்டியிருக்கிறார்கள். அதை முழுசாக நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அவர் உள்ளே திரும்பி, பருப்பு எவ்வளவு இருக்கிறது, பசாருக்கு யார் போவது என்று கேட்கத் தொடங்கினார். மெல்ல மெல்லப் பழைய குரல் வந்தது. பிள்ளை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். அங்கே எது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் ஓரடி வைத்தேன். காய் நறுக்கவாவது செய்யலாம் என்று.

"நீங்க இருங்க, இருங்க" என்று மரைக்காயர் ஓடி வந்தார். ஒரு நாற்காலியைத் துடைத்து வாசலோரம், காற்று வரும் இடமாகப் பார்த்துப் போட்டார். நாள் முழுக்க ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்றார். நான் ஆமாம் என்றேன். உடனே ஓர் ஆளைக் கூப்பிட்டு, எதிர்ச் சாரியில் இருந்த சைவக் கடையிலிருந்து காப்பி வாங்கிவர அனுப்பினார். அங்கே வைத்திருக்கும் தம்ளரிலேயே வாங்கு, நம் கடைத் தம்ளர் கொண்டுபோகாதே என்று பின்னாலேயே சத்தம் போட்டுச் சொன்னார்.

"சுத்தமான கடை டீச்சரம்மா. தயங்காமக் குடிக்கலாம்."

உங்கள் கடைத் தேத்தண்ணியே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் அதையும் அவருக்கு நான் செய்கிற ஓர் உபகாரம் மாதிரியே சொல்லியிருப்பேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு அப்போது வரவில்லை. காப்பி வந்தது. கொண்டு வந்தவர் தம்ளரை என் கையில் கொடுக்காமல், முக்காலிமேல் வைத்துவிட்டு விலகி நின்றார். மரைக்காயர் நான் குடிக்கிறேனா என்று உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். குடித்தேன். அவருக்கு நிம்மதியாயிற்று. அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைக்கச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.